மீன் ஆலை வாசலில் ஒரு பூனை

எங்கள் குப்பத்துக்கு மீன் ஆலை வந்தபோது அதிகம் சந்தோஷப்பட்டது பூனையான நான்தான். நாற்றம் தாங்காமல் ஜனங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

"கிணத்துத் தண்ணியும் நாறுது, வேற ஊருக்குப் போயிடலாம்," என்றது நாய்.

"மீன் வாசம் உனக்கெங்க தெரியும்?" என்று சிரித்துவிட்டு ஆலை வாசலிலேயே குடியேறினேன்.

உள்ளே முள்ளைக்கூட விடாமல் அரைத்து மூட்டை கட்டினார்கள். எனக்குக் கிடைத்தது வாசம் மட்டும்தான். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

ஒருநாள், ஐஸில் மீன் கழுவியே விரல் வெடித்துப்போன அமலோற்பவம் வேலை முடிந்து வெளியே வந்தாள். ஆலையையே பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பின்னால், இரக்கப்பட்டு ஒரு சாளை மீனை வைத்துவிட்டுப் போனாளாம். ஆலை வாசத்திலேயே ஊறிப்போன என் மூக்குக்கு எதுவும் தெரியவில்லை.

மெல்லும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். நாய்.

"என்னத்தத் தின்னுற?"

"மீன்," என்றது.

நான் நம்பவில்லை.