டிஸ்க்குக்கு ஒரு வேண்டுதல்

"கிளமென்ட், உங்க புரோகிராமைக் கடைசியா ஒருக்கா ஓடவிட்டுக் காட்டுங்க," என்றார் திரையில் தெரிந்த கொழும்பு அதிகாரி.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து வேலைக்கான நேர்காணலில் இருந்தான் கிளமென்ட். லெப்டொப்பில் இடமில்லாமல், தனி வயரில் மின்சாரம் எடுக்கும் வெளி டிஸ்க்கில் தன் புரோகிராமை வைத்திருந்தான். சில நாட்களாகவே, தொடங்கினாலே நின்றுவிடுகிறது. ஃபைல் பர்மிஷனை மாற்றிப் பார்த்திருந்தான், லெப்டொப்பின் லினக்ஸையே புதிதாகப் போட்டிருந்தான், ஒன்றும் பலிக்கவில்லை.

"வேண்டிக்க ஜெசிந்தா," என்றான். மனைவி உள்ளறைக்கு ஓடினாள்.

புரோகிராம் திறந்தது, நின்றது. "சரி, அறிவிக்கிறோம்," என்று அதிகாரி போய்விட்டார்.

"மாதாவும் கைவிட்டுட்டாங்க ஜெசிந்தா!"

"அப்படிச் சொல்லாதீங்க. லெப்டொப்புல பேட்டரி இருக்கேன்னு, நீங்க தொடங்குறப்பல்லாம் உள்ளறையில இருக்கிற ஒரே பிளக்குலருந்து டிஸ்க் வயரைக் கழட்டிட்டு, மாதா சொரூபத்து பல்பை அதுல மாட்டி எரியவிட்டுத்தானே வேண்டுறேன்! ஒரு அருள்நிறை செபம் சொன்னதும் டிஸ்க் வயரைத் திரும்ப மாட்டிடுவேனே!"