ஒற்றைக் கை கவுன்

சுவரில் நான் இரண்டு பேராக உட்கார்ந்திருந்தேன்.

ஒருத்தி விறைப்பாக. இன்னொருத்தி லேசாகச் சிரித்துக்கொண்டு, முதலாமவளின் தோளில் கை வைத்தபடி. இரண்டு பேருக்கும் என் முகம். இரண்டு பேருக்கும் என் மாம்பழ மஞ்சள் கவுன்.

எனக்குக் கோபம் உச்சிவரை ஏறியது.

"என்ன கண்றாவி இது, லேகான்?"

லேகான் தூரிகையைத் துணியில் துடைத்துக்கொண்டே படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பாராட்டுவேன் என்று காத்திருந்திருப்பான் போல. லாகோஸில் உடையோடு ஆளை வரைவதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். அதற்காகத்தான் அவனிடம் வந்தேன்.

பிறந்ததிலிருந்து எனக்கு எதுவும் ஒன்றாக வந்ததில்லை. சட்டை என்றால் இரண்டு, தலைக்கட்டு என்றால் இரண்டு. இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி உடுத்திவிடாவிட்டால் ஊர் அம்மாவைத்தான் ஏசும். கல்யாணமான பிறகும் தைவோவுக்கு என்ன துணியோ அதுதான் எனக்கும்.

தைவோ என் தங்கை. முதலில் வெளியே வந்தது அவள்தான். ஆனால் எங்கள் ஆட்கள் வழக்கத்தில் பின்னால் பிறந்தவள்தான் மூத்தவள். உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரச் சின்னவளை முன்னால் அனுப்பிவிட்டு, பெரியவள் நிதானமாக வருவாள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயத்தை தைவோ மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள். "முன்னாடி வந்தவ நான். நீதான் என்னை அக்கான்னு கூப்பிடணும்" என்பாள், திமிர் பிடித்தவள்.

அம்மாவின் அடக்கத்துக்குக் குடும்பமே ஒரே மாதிரி ஊதா லேஸ் துணி எடுத்தது. நான் பழுப்பில் போனேன். அன்று ஒரு நாளாவது நான் நானாக நின்று அழ வேண்டும் என்றிருந்தது. தைவோ எல்லார் முன்னாலும், "எனக்குக் கூடப்பிறந்தவ யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டு இபாதானுக்கு வண்டி ஏறிவிட்டாள். அதோடு பேச்சு வார்த்தை இல்லை. எனக்கு மட்டும் என்ன வந்தது, நானும் பேசவில்லை.

அப்புறம்தான் இந்தக் கவுன். இடது பக்கம் மட்டும் கை. வலது தோள் வெறுமை. எங்கள் வீட்டில் எவளும் போட்டிராத வெட்டு. லேகான் என்னை வரையப் போகிறான், அதற்குத்தான் என்று தையற்காரர் ரசாக்கிடம் சொன்னேன். "ஒண்ணே ஒண்ணு. ரெண்டா வெட்டினா கத்தரிக்கோலப் பிடுங்கிடுவேன்." தொட்டில் காலத்திலிருந்து எங்கள் இருவருக்கும் தைக்கிறவர். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

லேகானிடம் என் பெயர் கெஹிண்டே என்றுகூடச் சொல்லவில்லை. இரட்டையரில் பின்னால் வந்தவளுக்கு அந்தப் பெயர்தான். சொன்னால் அடுத்த கேள்வியே 'தைவோ எங்கே?' என்றுதான் வரும். ஃபெலிசியா என்றேன். கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டான். யாருமில்லை என்றேன்.

இவ்வளவு செய்தும் இவன் என்னை இரண்டாக்கி மாட்டி வைத்திருக்கிறான்.

"நான் ரெட்டைன்னு யார் சொன்னா உனக்கு? ஒத்தையா வந்தாளே, இன்னொருத்தி செத்துட்டான்னு முடிவு பண்ணிட்டியா? அந்தக் காலத்து போட்டோக்காரன் செத்த புள்ளைக்கும் சேத்து இருக்கிற புள்ளையையே ரெண்டா ஒட்டித் தருவானே, அந்த மாதிரியா? அவ ஒண்ணும் சாகல. இபாதான்ல குத்துக்கல்லாட்டம் இருக்கா."

லேகான் வாயைப் பிளந்தான். "நீங்க ரெட்டையா மேடம்?"

"நடிக்காதே. ஒருத்தியை அழி. நான் ஒருத்திதான்."

அவன் முகம் சுண்டிவிட்டது. பெயின்ட் டப்பாவைத் திறந்தான். படத்தின் முன்னால் போய் நின்று, திரும்பாமலே கேட்டான்.

"யாரை அழிக்கட்டும்? செவ்வாய்க்கிழமை வந்த முகத்தையா, வெள்ளிக்கிழமை வந்த முகத்தையா?"

"என்ன வெள்ளிக்கிழமை?"

நான் வந்தது செவ்வாய் மட்டும்தான்.

இப்போது அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "என்ன மேடம், விளையாடுறீங்களா? வெள்ளிக்கிழமை இதே கவுன்ல நீங்கதானே வந்தீங்க? உங்க அக்காவையும் பக்கத்துல வைன்னு நீங்கதானே சொன்னீங்க? போன தடவை யாருமே இல்லேன்னீங்களேன்னு கேட்டேன். கவுன் கையை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டீங்க. அப்புறம், 'கோவத்துல சொல்லியிருப்பேன், எனக்கு ஒரு அக்கா இருக்கா'ன்னீங்க. முகம் எப்படி இருக்கும்னு கேட்டா, 'என் முகமேதான்'னீங்க."

நான் படத்துக்குக் கிட்டே போய் அந்த இரண்டு கவுனையும் பார்த்தேன்.

ரசாக். எவ்வளவு சொல்லியும் துணியை இரண்டாக மடித்துப் போட்டுத்தான் வெட்டியிருக்கிறார். எப்போதும் போல ஒன்றை இபாதானுக்கு அனுப்பியிருக்கிறார். எதற்கு, எங்கே என்பதையும் உளறியிருக்கிறார். இருக்கட்டும், அவரை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

"யாரை அழிக்கட்டும் மேடம்?"

"தூரிகையைக் கீழ வை" என்றேன்.

படத்தில் என் வெறுந்தோளில் இருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை. நாற்பத்து நான்கு வயதாகிறது எங்களுக்கு. என் முகத்துக்கு நேராக ஒரு தடவைகூட அக்கா என்று சொன்னதில்லை அவள்.

அதைச் சொல்லக்கூட என் கவுனைப் போட்டுக்கொண்டு, என் பெயரில் வந்திருக்கிறாள், கழுதை.