கம்பி அறுத்தவன்

ஏரியூர் லைன் அறுந்துவிட்டதாக டெலிபோன் எக்சேஞ்சில் அலாரம் அடித்ததும் மெக்கானிக் சின்னப்பன் கொதித்துப் போனான். அந்த மாதத்தில் மட்டும் இரண்டு முறை செம்புக் கம்பி திருடு போயிருந்தது. எக்சேஞ்சைப் பூட்டிவிட்டு, இரும்புத் தடியோடு சைக்கிளை மிதித்தான்.

நாலாவது மைலில் ஆள் கையும் களவுமாகக் கிடைத்தான். மூங்கில் கழி நுனியில் அரிவாளைக் கட்டிப் பிடித்தபடி, அறுந்து தொங்கிய போன் கம்பிக்குக் கீழே நின்றிருந்தான் ஆடு மேய்க்கும் மாது.

"சார், கிட்ட வராதீங்க!" என்று கத்தினான்.

"என்னையே மிரட்டுறியாடா, திருட்டு நாயே!"

முதல் அடியில் மாதுவின் மணிக்கட்டு ஒடிந்தது. அடுத்த அடி மண்டையைப் பிளந்தது. விழுந்தவனின் விலாவில் சின்னப்பன் ஆத்திரம் தீர மிதித்தான்.

"அங்க பாருங்க சார்..."

ரத்தம் வழிய, ஒடியாத கையைப் புதர்ப் பக்கம் நீட்டினான் மாது. முறிந்த புளியங்கிளைக்கு அடியில் கரண்டு கம்பி பொறி கக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் ஆடு கருகிக் கிடந்தது.

சின்னப்பன் தடியைக் கீழே போட்டான்.

"காத்துல கெளை முறிஞ்சு, கரண்டு கம்பி போன் கம்பி மேல சரிஞ்சிக்கிட்டே வந்துச்சுங்க. அது மேல பட்டுட்டா, எக்சேஞ்சுல போனைக் காதுல வெச்சிருக்கறவங்க செத்துடுவாங்களேன்னுதான் அறுத்தேன். அவங்க நல்லா இருக்காங்களா சார்?"

அன்று ஆப்பரேட்டர் லீவு. அலாரம் அடிக்கும்வரை அந்த லைனைக் காதில் வைத்திருந்தவன் சின்னப்பன்தான்.