பூத் கதவில் ஒரு சைக்கிள் மணி

"அக்கா, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் எனக்கு மணி அடிக்காதீங்கக்கா."

முருகேசன் கெஞ்சினான். பரிதா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எல்லாத்துக்கும் ஒரே மணிதான் தம்பி. உனக்கு விட்டுட்டு அப்புறம் ஆருக்கு அடிக்கிறது?"

ஏற்காடு பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அந்த எஸ்.டி.டி. பூத்தில், கோடை விழா தொடங்கியதிலிருந்து வரிசை குறைவதே இல்லை. இருப்பதோ ஒரே லைன். நேரம் முடிந்தால் தானாகக் கூவுகிற பெட்டியை வாங்கப் பரிதாவுக்கு வசதியில்லை. ஆகவே பழைய சைக்கிள் மணி ஒன்றைக் கண்ணாடிக் கதவின் சட்டத்தில் திருகி வைத்திருந்தாள். தன் மேஜைக்கு எதிரே இருந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தானே அடிப்பாள். நேரம் முடியச் சற்று முன்னால் அடிக்கும் முதல் மணி கேட்டால் பேச்சை முடிக்கத் தொடங்க வேண்டும். இரண்டாம் மணிக்கு லைனைத் துண்டித்துவிடுவாள். எஸ்டேட் முதலாளியானாலும் மிளகு மூட்டை தூக்குகிறவரானாலும் இதுதான் சட்டம். இந்த மணி வந்த பிறகுதான் வரிசையில் அடிதடி நின்றிருந்தது.

"ஞாயித்துக்கிழமை ராசிபுரத்துக்காரங்க மல்லிகாவைப் பொண்ணு பாக்க வர்றாங்கக்கா." முருகேசன் குரலைத் தாழ்த்தினான். "என்னைக் கட்டிக்கிறியான்னு இன்னைக்குக் கேட்டே ஆகோணும்."

"வாராவாரம் வந்து பேசுறியே, இன்னுமா கேக்கல?"

"கேக்கத்தான் போவேன். முதல் மணி அடிச்சதும் 'மல்லிகா, ஒண்ணு கேக்கோணும்'னு ஆரம்பிப்பேன். தொண்டையைச் செருமிக்கிட்டு நிமிர்றதுக்குள்ள ரெண்டாவது மணி. லைன் கட்."

வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்ற மஞ்சக்குட்டை கிராமத்துச் சின்னத்தாயி சிரித்துவிட்டாள்.

"ஏனுங் தம்பி, வெளிய நிக்கிற எங்களுக்குக் கேக்காதா என்ன? 'சேலத்துல வெயிலா? இங்க மூடுபனி. சாப்ட்டியா? நான் சாப்ட்டேன்.' இதையே பேசிட்டிருந்தா மணி அடிக்காம மேளமா அடிப்பாங்க?"

வரிசை முழுதும் சிரித்தது. முருகேசனின் காது சிவந்தது.

அவன் ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் ரூம் கவனிக்கிற வேலையில் இருந்தான். மல்லிகா சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். போன வருஷம் கடை ஆட்களோடு ஏற்காடு சுற்றிப் பார்க்க வந்தவள், அந்த ஓட்டலில் தங்கினாள். அங்கே ஆரம்பித்த பழக்கம். மதியம் முதலாளி சாப்பிடப் போகும் நேரத்தில் மட்டும் கடைப் போன் அவள் கைக்கு வரும்.

"போ தம்பி, உன் முறை வந்துருச்சு," என்றாள் பரிதா.

"அக்கா, மணி..."

"அடிப்பேன்."

முருகேசன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனான். எண்ணைச் சுழற்றினான். மறுமுனையில் குரல் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"மல்லிகாவா? நான்தான். அங்க வெயிலா? இங்க இப்பத்தான் மூடுபனி..."

'டிரிங் டிரிங்!'

முருகேசன் அதிர்ந்து திரும்பினான். கண்ணாடிக்கு வெளியே பரிதாவின் கட்டைவிரல் மணியின் மேல் இருந்தது. சின்னத்தாயிக்கே மனசு கேட்கவில்லை.

"அட என்னுங்க இது! இப்பத்தான உள்ள போச்சு அந்தப் புள்ள?"

"நீங்க சும்மா இருங்க," என்றாள் பரிதா.

உள்ளே முருகேசனுக்கு வியர்த்துவிட்டது. அடுத்த மணி எந்த நொடியில் அடிக்குமோ? அது அடித்தால் லைன் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ராசிபுரத்துக்காரன் வந்து பூ வைத்துவிட்டுப் போய்விடுவான். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"மல்லிகா, என்னைக் கட்டிக்கிறியா? நீ சரின்னு சொன்னா நாளைக்கே எங்கம்மாளைக் கூட்டிக்கிட்டு உங்க ஊட்டுக்கு வர்றேன்!"

அவன் போட்ட சத்தம் கண்ணாடியைத் தாண்டி வெளியே வந்தது. வரிசையே அவன் பக்கம் திரும்பியது. அவன் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்டான். தலையாட்டினான். மறுபடி தலையாட்டினான். பிறகு மெதுவாகச் சிரித்தான். என்னவோ கேட்டான், அதற்கும் சிரித்தான். வழக்கமான நேரத்துக்கு இரண்டாம் மணி அடித்தபோது பேச வேண்டியது எல்லாம் பேசி முடித்திருந்தான்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவனின் கால் தரையில் பாவவில்லை.

"சரின்னுட்டாக்கா! நாளைக்கே வரச் சொல்லிட்டா. அவங்கப்பாகிட்ட இன்னைக்கே பேசி வெக்கிறாளாம்!"

"எங்களுக்கும் சோறு போடுவீங்களா தம்பி?" என்று கேட்டுச் சின்னத்தாயி அவன் முதுகில் தட்டிவிட்டு உள்ளே நுழைந்தாள்.

முருகேசனுக்குச் சந்தோஷத்தோடு கோபமும் நினைவுக்கு வந்தது.

"இருந்தாலும் நீங்க பண்ணினது நொம்ப அநியாயங்கக்கா. அடிக்க வேண்டாம்னு அத்தனை கெஞ்சினேன். எல்லாத்துக்கும் ஒரே சட்டம்னு சொல்லிட்டு, எனக்கு மட்டும் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாலயே அடிச்சுட்டீங்களே! மணிச் சத்தம் கேட்டு மல்லிகாவும் பதறிப் போயிருப்பா."

பரிதா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சிரித்தாள்.

"அவளா பதறுவா? கடைக்குப் போற வழியில ஒரு பூத்துலருந்து காலையிலயே எனக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டாளே தம்பி! 'அக்கா, மணி அடிச்சாத்தான் அவரு விஷயத்துக்கு வருவாரு. இன்னைக்காச்சும் எடுத்ததுமே அடிச்சு விடுங்க. பதில் சொல்ல எனக்கும் நேரம் வேணுமில்லீங்களா?'ன்னு."