பதினான்கு நொடி

மருந்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் இரண்டு வெள்ளெலிகள் ஒரே கூண்டில் இருந்தன. வாலில் தடவிய மையின் நிறத்தால் ஒன்றுக்குச் செவ்வால் என்றும் மற்றதற்கு நீலவால் என்றும் பெயர். ஆய்வாளர் அம்சவேணி ஒருநாள், வலியைக் குறைக்கிறதா என்று பார்க்க, செவ்வாலுக்கு நொச்சி இலைச் சாறு புகட்டினார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நீலவாலுக்கு வெறும் தண்ணீர்.

பிறகு ஒவ்வொன்றாகச் சூடான தட்டில் நிறுத்தி, சூடு தாங்காமல் எத்தனை நொடியில் காலை நக்குகிறது என்று பார்த்தார். முதலில் ஏறிய செவ்வால் பதிமூன்று நொடி நின்றது.

"எப்படிடா தாங்கினே?" என்று கேட்டது நீலவால்.

"எங்கே தாங்கினேன்? எனக்குச் சுடவே இல்ல. எல்லாம் அந்தச் சாறுதான்."

பெருமை அடித்துக்கொள்கிறான் என்றே நீலவாலுக்குப் பட்டது. இவனுக்கு நான் என்ன குறைச்சலா? தன் முறை வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு பதினான்கு நொடி அசையாமல் நின்றது.

"தண்ணி குடிச்சதே இதைவிட நல்லா நிக்குது. நொச்சியில ஒண்ணுமில்ல" என்று அம்சவேணி மிச்சச் சாற்றைத் தொட்டியில் கொட்டினார்.

நீலவாலின் நான்கு கால்களும் கொப்பளித்துவிட்டன. மூலையில் திரும்பி உட்கார்ந்து யாருக்கும் தெரியாமல் நக்கிக்கொண்டது.

"வலிக்குதாடா?" என்றது செவ்வால்.

"எனக்கா? போடா."

மறுநாள் வேறொரு இலைச் சாறு வந்தது. அதைக் குடித்துவிட்டுத் தட்டில் ஏறிய செவ்வால் மூன்றாவது நொடியிலேயே அலறிக்கொண்டு துள்ளியது.

கூண்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நீலவாலுக்கு, நேற்றிலிருந்து எரிந்த கால் அப்போதுதான் கொஞ்சம் குளிர்ந்தது.