அப்டேட் முடியும்வரை

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பன் எபியின் பையைத் தோளிலும் எபியின் அடையாள அட்டையைக் கழுத்திலும் மாட்டிக்கொண்டு, ஜாபேஸ் பாளையங்கோட்டையில் அந்தக் கல்லூரியின் மொட்டைமாடிக்குப் படியேறினான். அட்டையிலிருந்த எபியின் முகத்தின் மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்திருந்தான்.

மாடியில் வானோக்குக் கூடத்தின் வெள்ளைக் குவிமாடம் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. கதவைத் திறந்தவள் புறா எச்சத் தூசிக்குப் பயந்து, கண் மட்டும் தெரியத் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றியிருந்தாள்.

"டோமுக்கு அப்டேட் போட வந்தியளா? வாங்கண்ணே."

அந்த 'அண்ணே' ஜாபேஸுக்குக் கசாயம் போல இறங்கியது. கூடத்துக்குப் பொறுப்பு பிரிஸில்லா என்று எபி சொல்லித்தான் அனுப்பியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஜாபேஸ் வீட்டார் பெண் பார்க்கப் போவதும் அதே பிரிஸில்லாவைத்தான்.

போன வருஷம் பார்த்த பெண், நிச்சயம் முடிந்த பிறகு, வீட்டுக்குப் பயந்துதான் தலையாட்டினேன் என்று அழுதாள். கல்யாணத்தை நிறுத்தியவன் என்கிற பேரை ஜாபேஸே வாங்கிக்கொண்டான். காபித் தட்டோடு வந்து நிற்கிற பெண்ணின் மனசு யாருக்குத் தெரியும்? இந்தத் தடவை அவளுக்கு இஷ்டம்தானா என்று தெரியாமல், சம்பந்தம் கொண்டுவந்த போதகரிடம் சரி சொல்வதில்லை என்று தீர்மானித்திருந்தான். கையிலிருந்த பிரிஸில்லாவின் போட்டோவோ பட்டும் பவுடருமாக இருந்தது. அத்தனை பவுடரில் பெற்ற அம்மாவையே அடையாளம் காண முடியாது.

பேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவனுக்குக் கம்ப்யூட்டர் சங்கதி ஒன்றும் தெரியாது. ஒரு பிரியாணிக்கு ஒப்புக்கொண்ட எபி, பாடம் போலச் சொல்லிக்கொடுத்திருந்தான். குவிமாடத்தைச் சுழற்றும் கன்ட்ரோலர் பெட்டியில் வயரைச் சொருகு, லேப்டாப்பில் எடுத்து வைத்திருக்கிற பட்டனை அமுக்கு, கோடு நிறைகிற வரைக்கும் எதையும் தொடாதே. நடுவில் நின்றால் பெட்டியும் செத்தது, என் வேலையும் செத்தது.

அமுக்கினான். திரையில் பச்சைக் கோடு எறும்பு போல ஊர ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்துப் பட்டறையிலிருந்து வேலைக்காரப் பையன் நாசர் போன் போட்டான். ஒரு பார்ட்டி கருகின மிக்ஸியோடு வந்து உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறதாம். ஓனர் எப்படிப்பட்ட ஆள், நம்பலாமா என்று வேறு நச்சரிக்கிறதாம்.

ஜாபேஸ் மூலைக்குப் போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"ஏலே, ஓனர் பெரிய குடிகாரன், சிடுமூஞ்சின்னு சொல்லு. தானா எந்திச்சு ஓடிரும்."

திரும்பிப் பார்த்தால், அவள் அண்ணாந்து நின்றாள். தூசி போகட்டும் என்று குவிமாடத்தின் மேல்கதவைத் திறந்து வைத்திருந்தாளாம். அது வழியாக இறங்கிய வெயில் தொலைநோக்கியை நெருங்கிக்கொண்டிருந்தது; பட்டால் அதன் கண்ணாடி கெட்டுவிடுமாம். அப்டேட் ஓடும்போது மோட்டார் ஓடாது, மேல்கதவும் மூடாது, குவிமாடத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும் என்று ஓர் இரும்புக் கைப்பிடியை எடுத்து நீட்டினாள்.

ஜாபேஸ் சுற்றினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பழக்கதோஷத்தில், மோட்டாரில் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டான். கம்ப்யூட்டர்காரருக்கு அதுவும் தெரியுமோ என்று அவள் கேட்டதும், நாக்கைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாகச் சுற்றினான்.

அவள் ஸ்டூலில் வசதியாக உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம், பைய, போதும், இல்லையில்லை இன்னும் கொஞ்சம் என்று ஏவிக்கொண்டிருந்தாள். நடுநடுவே, வீட்டில் யார் சமையல், கோபம் வந்தால் என்ன செய்வீர்கள், பெண் வேலைக்குப் போனால் பிடிக்குமா என்று விசாரணையும் நடந்தது. அப்டேட் போட வந்தவனிடம் இதெல்லாம் எதற்கு என்று அவனுக்குத் தோன்றவில்லை. நம்மிடம் இவ்வளவு பேசுகிறாளே என்றுதான் தோன்றியது.

தைரியம் வந்து, இங்கே ஏதோ கல்யாணப் பேச்சு நடக்கிறதாமே, எபி... எங்கள் ஆபீசில் சொன்னார்கள் என்று தட்டுத்தடுமாறி ஆரம்பித்தான்.

"ஆமாண்ணே. ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுல வாராவ."

"இஷ்டந்தானா? இல்ல, வீட்டுல சொல்லுதாவளேன்னா?"

"வீட்டுல ஒரு கட்டாயமும் இல்ல. ஆளு எப்படின்னு விசாரிச்சுட்டுத்தான் பதில். அது இன்னிக்கே தெரிஞ்சிரும்."

அதன் பிறகு ஜாபேஸுக்குக் குவிமாடம் கனக்கவே இல்லை. வெயில் எங்கே விழுகிறது என்று பார்க்காமல் ஒரு சுற்று கூடுதலாகவே சுற்றிவிட்டான்.

கோடு நிறைந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. கைப்பிடியைக் கழற்றியதும் மோட்டார் லேசாக முனகி, குவிமாடம் தானாகச் சுழன்று நின்றது. மேல்கதவும் மெல்ல மூடிக்கொண்டது. அவள் லைட்டைப் போட்டாள்.

இதற்கு மேல் பொய் ஆகாது என்று ஜாபேஸ் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான். தான் எபி இல்லை, ஞாயிற்றுக்கிழமை வரப்போகிற ஜாபேஸ் என்றும், அவளுடைய இஷ்டத்தைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த வேஷம் என்றும், அவளுக்குச் சரியென்றால் தனக்கு முழுச் சம்மதம் என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

அவள் துப்பட்டாவை அவிழ்த்தாள். சிரிப்பை அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது.

"உங்க போட்டோ எங்ககிட்டயும் இருக்குல்லா. படியேறி வரும்போதே தெரிஞ்சுபோச்சு. நான் பிரிஸில்லா இல்லண்ணே, அவகூட வேலை பாக்குத கெசியா."

"அப்போ பிரிஸில்லா?"

"அவ காலையிலேருந்து கருகின மிக்ஸியோட உங்க பட்டறையிலல்லா உக்காந்திருக்கா."