வக்கீலம்மா கொண்டுவந்த குழாய்

அநியாயம் இழைக்கப்பட்டது எனக்கு. இழைத்தவர் என்னைப் பெற்ற அப்பா. என் ஆராய்ச்சிக் குழாயில் வேறு யாரையோ துப்ப வைத்து, தன்னுடையது என்று கொடுத்தனுப்பியிருந்தார்.

உமிழ்நீரை வைத்தே உடம்பில் எங்கெங்கோ இருக்கும் நோய்களைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது எங்கள் துறையின் ஆய்வு. வீட்டுப் பெரியவர்களிடம் வாங்கி வாருங்கள், வேண்டிய மட்டும் குழாய் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் பேராசிரியை. அப்பாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அன்று காலைதான் வகுப்பில் எழுந்து நின்று, மருத்துவ ஆய்வுகளில் பெண்களின் உடம்பை யாரும் கண்டுகொள்வதே இல்லை என்று முழங்கியிருந்தேன். கைதட்டல் வேறு.

முடிவு வந்ததும் பேராசிரியை அறைக்குக் கூப்பிட்டார்.

"அப்பான்னு எழுதியிருக்கே. இது ஒரு பொம்பளையோடது. யாரா இருந்தாலும் சீக்கிரம் டாக்டர்கிட்டே கூட்டிட்டுப் போ. கிட்னி தடுமாறுற மாதிரி தெரியுது. ரத்தம் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

நான் முதல் பாதியிலேயே கொதித்துப்போனேன். இரண்டாம் பாதி பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது. அதற்குள் வாதம் தயாராகிவிட்டதே, வீணாக்க முடியுமா?

வீட்டில் அப்பா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"துப்புறதுக்குக்கூட உங்களுக்கு அம்மாதான் வேணுமாப்பா?" என்று ஆரம்பித்தேன். ஆணாதிக்கம், சோம்பேறித்தனம், அறிவியலுக்குச் செய்த துரோகம் என்று ஒன்று விடவில்லை.

அப்பா அடுத்த துணியை எடுத்து மடித்தார். மூச்சு வாங்க நான் நிறுத்தியபோது, "என்ன வந்துச்சு, அதைச் சொல்லு வக்கீலம்மா" என்றார்.

சொன்னேன். மடித்த துணி அவர் மடியிலிருந்து சரிந்தது.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்." காலில் அப்பாவின் செருப்பு. இந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு செருப்புகூடக் கிடையாதா என்று போன மாதம் அதற்கும் ஒரு பாட்டம் சண்டை போட்டிருந்தேன்.

"அவ செருப்புல அவ கால் நுழையலை. வீங்கியிருக்கு" என்றார் அப்பா. "டாக்டர்னா வரமாட்டேங்கிறா. உன் படிப்புக்கு வேணும்னு சொன்னேன். உடனே துப்பிட்டா."

அப்போதும் நான் விட்டேனா? வாதத்தில் இன்னும் ஒரு புள்ளி பாக்கி இருந்தது.

"சரி. ஆனா ரெண்டு பேரும் தனித்தனியா ஒழுங்காக் கொடுத்திருக்கலாமே. எதுக்கு இந்த ஆள்மாறாட்டம்?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே, அம்மாவை வெளியே கிளம்பச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ ஒரு குழாய்தானேம்மா கொண்டு வந்தே?"